திருப்பி வாங்கிய சத்தியம்

என் தம்பி ஹரீஷ்குமார் உயிரோடு இருக்கிறான். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். இந்த வாரம் அவனுக்கு மதிய ஷிப்ட். அவன் இருப்பதற்காக நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓசூரில் இளைஞர்களுக்கு ஆலோசனை சொல்லும் பூங்கொடி மேடம். இன்னொருவர் என் அம்மா முனிலட்சுமி. மேடத்திடம் நேரில் சொல்லிவிட்டேன். "அட விடுங்க சரிதா, டீ சொல்லட்டுங்களா?" என்று பேச்சை மாற்றிவிட்டார். அம்மாவிடம் சொல்லவே இல்லை. வீட்டில் அம்மாவுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? இப்போது சொல்ல அம்மா இல்லை.

எங்கள் ஊர் பாகலூருக்குப் பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டி. அப்பா திம்மராயன் ரோஜா பயிர் செய்கிறார். விடியும் முன்பே பூ பறித்துக் கட்டு கட்டி வண்டியேற்ற வேண்டும். அந்த வேலையில் அம்மாவின் கை முழுக்க முள் கீறியிருக்கும். இப்படி ஒரு கையோடு நீயும் நிலத்தில் நிற்க வேண்டாம், கம்பெனியில் நில் என்று அம்மாதான் ஹரீஷை ஐடிஐ படிக்க வைத்தது. படித்து முடித்ததும் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தான். கம்பெனியில் நிற்பது என்றால் நிஜமாகவே நிற்பதுதான். மெஷின் முன்னால் ஷிப்ட் முழுக்க நின்று, ஆள் வராத நாளில் அடுத்த ஷிப்டும் சேர்த்து நின்று, கால் வீங்கி வருவான். கூட நின்ற ஒருவன் வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தான்.

"அதைப் போட்டா காலும் வலிக்கல, மனசும் வலிக்கலக்கா. மனசு வலிச்சுட்டிருந்ததே அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது" என்று பின்னால் ஒரு நாள் சொன்னான்.

ஒன்று பலவானது. அது கிடைக்காத நாளில் எல்லை தாண்டிப் போய்க் குடித்தான். பேச்சு குறைந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தான். கடைசியில் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தெளிய வைத்த டாக்டர், இவன் வயதுப் பிள்ளைகளுக்கென்றே ஓசூரில் ஒரு மையம் இருக்கிறது, கூட்டிப் போங்கள் என்றார். கல்யாணமாகிச் சூளகிரியில் இருந்த நான்தான் கூட்டிப் போனேன்.

கீழே டைல்ஸ் கடை, மாடியில் மையம். பூங்கொடி மேடத்துக்கு நாமக்கல் பக்கம் சொந்த ஊர். பேச்சிலேயே தெரிந்துவிடும். வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது பெயரை அல்ல.

"இந்த வாரம் எந்த ஷிப்டுங்க தம்பி?"

"நைட்டு மேடம்."

"அப்ப இன்னும் தூங்கலீல்ல? உட்காராதீங்க, அந்தப் பெஞ்சுல சாஞ்சுக்குங்க. சாஞ்சுட்டே பேசலாம்."

அவன் சாய்ந்தான். எங்கள் யாரிடமும் பேசாதவன் சுவரைப் பார்த்துக்கொண்டு அவரிடம் பேசினான். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். போகும்போது அவர் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்.

"தம்பி, மறுபடியும் போட்டுட்டீங்கன்னா அன்னைக்கே எனக்குச் சொல்லிடுங்க. திட்ட மாட்டனுங்க. போடறது பெரிசில்ல, மறைக்கறதுதான் உங்களைக் கொண்டு போயிரும்."

அம்மாவுக்கு இது போதவில்லை. "பேசினாலே சரியாயிடுமா? மருந்து ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம்" என்று அடுத்து வந்த அமாவாசைக்குத் தம்பியை எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிப் போனது. எங்கள் பக்கம் குடியை விட வைக்க எல்லாரும் போகிற கோயில். ஒரு கையைப் பெற்றவள் தலைமேல் வைத்து, மறு கையால் எரிகிற கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். மீறினால் யார் தலையில் கை வைத்தானோ அந்தத் தலைக்கு ஆகாது. ஹரீஷ் அம்மா தலைமேல் கை வைத்து, குடியையும் மாத்திரையையும் தொட மாட்டேன் என்று அணைத்தான். உள்ளங்கை கன்றிப்போனது. அம்மா அந்தக் கையில் மஞ்சள் வைத்து, வழியெல்லாம் ஊதிக்கொண்டே வந்தது.

இதை நான் மேடத்திடம் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"மீறிட்டா அம்மாவுக்கு ஆகாதுன்னா சொல்லியிருக்காங்க?"

"ஆமா மேடம். அம்மா அவன் மீறவே மாட்டான்னு சொல்லுது."

"மீறாம இருந்தா நல்லதுங்க" என்றார்.

சில மாதம் நன்றாகத்தான் போனது. ஹரீஷ் வேறு கம்பெனியில் சேர்ந்து, சிப்காட் பக்கத்தில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கினான். ஞாயிறு தோறும் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் பூக்கட்டு தூக்கிக் கொடுத்தான். அத்தை சென்னம்மா ஊரெல்லாம் முனீஸ்வரன் பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தது. பிறகு ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால் ஓவர்டைம் என்றான். மையத்துக்கும் அவன் போகவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதே சமயத்தில் அம்மா இளைக்க ஆரம்பித்தது. கண் மஞ்சளாகி, சோறு இறங்காமல், பூ பறிக்கப் போய்ப் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டது. மஞ்சள் காமாலை என்று நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்தோம். பெங்களூருக்குக் கொண்டுபோனபோது டாக்டர் அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார். கணையத்தில் கட்டி. வெகு நாளாக உள்ளே வளர்ந்திருக்கிறது. எடுக்க முடியாது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், மாதக்கணக்கில் சொல்லலாம், வருடக்கணக்கில் சொல்ல முடியாது.

அப்பா வெளியே வந்து, "ஒண்ணுமில்ல, ஈரல்ல கொஞ்சம் வீக்கமாம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"அப்ப எதுக்கு உன் மூஞ்சி வீங்கியிருக்குது?" என்றது அம்மா.

அந்த வாரத்தில்தான் பூங்கொடி மேடம் எனக்குப் போன் செய்தார். "தம்பி இங்க வந்திருக்காருங்க. யாருக்குச் சொல்லட்டும்னு கேட்டேன். அக்காவுக்கு மட்டும்னு சொன்னாரு. கொஞ்சம் வர முடியுங்களா?"

நான் போனபோது ஹரீஷ் அதே பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, தன் உள்ளங்கையைக் காட்டினான்.

"நான் போட்டுட்டேன்க்கா. ஒரு தடவை போட்டேன். அப்புறம் எப்படியும் சத்தியம் போச்சுன்னு திரும்பத் திரும்பப் போட்டேன். அம்மா படுத்துடுச்சு. நான்தான்க்கா. நான் அம்மாவைக் கொன்னுட்டிருக்கேன்."

"என்னடா பேசற?"

"நான் இல்லாம போயிட்டா அம்மா பொழைச்சுக்கும்."

அதற்கு மேல் எனக்குக் காது கேட்கவில்லை. மேடம் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து தண்ணீர் கொடுத்தார்.

"சாகணும்னு தோணுதான்னு நேராவே கேட்டேனுங்க. தோணுதுன்னாரு. இன்னைக்கே டாக்டர்கிட்டக் கூட்டிப் போறோம். அவரைத் தனியா விடக்கூடாது, மாத்திரை எதுவும் கைக்கு எட்டற மாதிரி இருக்கக்கூடாது. இது என் வேலை, நான் பார்த்துக்கறேன். ஆனா அந்தச் சத்தியம் இருக்கே, அதை என்னால ஒண்ணும் பண்ண முடியலீங்க."

"அதெல்லாம் மூடநம்பிக்கைன்னு அவனுக்கு எடுத்துச் சொல்லுங்க மேடம்."

"நான் சொன்னா தலையாட்டுவாரு. உள்ளுக்குள்ள நம்பிட்டுத்தான் இருப்பாரு. அவரு நம்பறாரு, அதுதானுங்க இங்க முக்கியம். அம்மாவுக்கு என்ன உடம்புக்கு?"

அப்பாவும் நானும் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா போகப்போகிறது. சத்தியம் அப்படியே இருக்கும்போது போனால் தம்பியும் போய்விடுவான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போட்டுக்கிட்ட சத்தியத்தை எடுக்கறதுக்கு உங்க பக்கம் ஏதாவது வழி இருக்குங்களா? நீங்கதான் அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லணும். எங்க ஊர்ல கோயிலுக்குக் கோயில் வேறயா இருக்கும்."

எனக்குத் தெரியவில்லை. சத்தியம் செய்யத்தான் எல்லாரும் போவார்கள். திருப்பிக் கொடுக்க யாரும் போய் நான் பார்த்ததில்லை.

டாக்டர் தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் கூட இருந்தார். நான் பாகலூருக்குப் பஸ் ஏறினேன். அம்மா வாசலில் கட்டிலில் உட்கார்ந்து, கடைக்கு அனுப்ப முடியாத உதிர்ந்த ரோஜா இதழ்களைத் தட்டில் காய வைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தம்பியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். நோயைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

அம்மா நெடுநேரம் இதழ்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தது.

"சத்தியத்தை எடுத்துட்டா அவனுக்குப் பயம் வுட்டுப் போயிடும். திருப்பியும் குடிப்பான்."

"பயம் இருக்கும்போதுதாம்மா குடிச்சான். குடிச்சதைச் சொல்லவும் பயந்தான்."

"அந்த மேடம் சொல்லிக் கொடுத்துச்சா?"

"அவங்க உன்னைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"என்னையவா?" அம்மாவுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பிறகு தட்டைத் தள்ளி வைத்தது. "சரி. இப்ப எனக்கு ஒண்ணு சொல்லு. உங்கப்பன் பொய் சொல்றான். எனக்கு என்ன வியாதி?"

நான் சொல்லிவிட்டேன். கணையம் எங்கே இருக்கிறது என்று கேட்டது. என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அம்மா தன் வயிற்றில் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. அழும் என்று நினைத்தேன்.

"அப்ப சீக்கிரம் போகணும்" என்றது. "நான் போறதுக்கு முன்னாடி அதை எடுத்துடணும். இல்லன்னா என் சாவு அவன் தலையில விழும்."

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அப்பா ஒரு காரை ஏற்பாடு செய்தார். முன் இருக்கையில் அப்பா, பின்னால் எங்கள் இருவருக்கும் நடுவில் அம்மா. அவனுக்கு எதற்குப் போகிறோம் என்று சொன்னோம், அம்மாவின் நோயைச் சொல்லவில்லை. அதைத் தானே சொல்லிக்கொள்வதாக அம்மா எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. தம்பி வழி முழுக்க அம்மாமேல் தோள் படாமல் ஒடுங்கிக்கொண்டே வந்தான்.

"நல்லா உட்காருடா. தொட்டா நான் ஒண்ணும் ஒடைஞ்சிட மாட்டேன்" என்று அம்மா அவனை இழுத்துச் சாய்த்துக்கொண்டது.

கோயிலில் பூசாரிக்கு விஷயம் பிடிபடவே கொஞ்ச நேரமானது. கன்னடமும் தமிழுமாகப் பேசுகிற மனிதர்.

"ஆகல்லம்மா. ஆணை வச்சா வச்சதுதான். வாபஸ் எல்லாம் இங்க கிடையாது."

"ஏன், இது என்ன கரன்ட் ஆபீஸா, கட்டினதைத் திருப்பித் தர மாட்டோம்ன்றதுக்கு?" என்றார் அப்பா.

"நீ சும்மா இரு" என்றது அம்மா. பூசாரியிடம் திரும்பியது. "சாமி, ஆணை யார் தலைமேல வச்சது?"

"உன் தலைமேல."

"தலை யாருது?"

பூசாரி தலையைச் சொறிந்தார்.

"என் தலை. நான் வேணாம்ன்றேன். தலைக்குச் சொந்தக்காரி வேணாம்னு சொன்னா முனீஸ்வரன் என்ன பிடிச்சா வச்சுக்குவாரு? அவருக்கும் அம்மா இருந்திருப்பா இல்ல?"

பூசாரி அம்மாவின் மஞ்சள் படிந்த கண்களைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு தட்டும் கற்பூரமும் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. அணைச்சதை நீயே ஏத்து. அவ்வளவுதான் எனக்குத் தோணுது."

அம்மா உரசிய தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. உதவப் போன அப்பாவைத் தள்ளிவிட்டது. மூன்றாவது குச்சியில் கற்பூரம் பற்றிக்கொண்டது. அம்மா சாமியைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலச் சத்தமாகச் சொன்னது.

"என் பையன் வச்ச ஆணையை நான் திருப்பி வாங்கிக்கிட்டேன். சின்னப் பையன், தெரியாம நான்தான் வைக்கச் சொன்னேன். எனக்கு வந்திருக்கறது வியாதி. வயித்துல கட்டி. டாக்டர் சொல்லிட்டாரு, எடுக்க முடியாது. அவன் மாத்திரையே கண்ணால பாக்காத காலத்துல இருந்து அது உள்ள இருக்குது. அவனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் செத்தா எனக்காகத்தான் சாவேன்."

ஹரீஷ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, சின்ன வயதில் அழுவதுபோல் வாய்விட்டு அழுதான். அம்மா அழவிட்டது. பிறகு குனிய முடியாமல் குனிந்து அவன் காதருகே பேசியது. நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"போட்டன்னா அன்னைக்கே அந்த மேடத்துகிட்டச் சொல்லிடு. வேற எதுவும் நான் கேக்கல."

"சொல்றேன்மா. சத்தியமா சொ..."

அம்மா அவன் வாயைப் பொத்தியது. "டேய்! இப்பதான்டா ஒண்ணை எடுத்திருக்கேன்."

பூசாரி முதலில் சிரித்தார். பிறகு நாங்களும் சிரித்துவிட்டோம். அழுகையும் சிரிப்புமாக ஹரீஷுக்கு விக்கல் எடுத்தது.

அதன் பிறகு அம்மா இருந்த மாதங்களைத்தான் எங்கள் வீட்டின் நல்ல மாதங்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். ஹரீஷ் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். விடியலில் பூ பறித்தான். அம்மாவுக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்து, உப்பில்லை என்று திட்டு வாங்கினான். டாக்டர் அம்மாவுக்குக் கொடுத்த வலி மாத்திரைகள் வீட்டில் இருந்தால் ஆபத்து என்று அவனே மேடத்திடம் சொன்னான். அவற்றை அப்பா வேட்டி மடிப்பிலேயே வைத்துக்கொண்டு சுற்றினார். குளிக்கப் போகும்போதும் எடுத்துப் போவார். ஒரு முறை அவன் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டான். அப்பா கை ஓங்கினார். ஆனால் அதற்கு முன்பே அவன் மேடத்துக்குப் போன் செய்து சொல்லியிருந்தான். மறுநாள் மையத்துக்கு அவனை வண்டியில் ஏற்றிப் போனதும் அப்பாதான். போகும்போது திட்டிக்கொண்டே போனார், வரும்போது இரண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

அம்மா போனது ஒரு காலை நேரத்தில். வலியில்லாமல் போனது. அதற்கும் யாருக்கோ நன்றி சொல்ல வேண்டும். எங்கள் நிலத்து ஓரத்திலேயே அடக்கம் செய்தோம். ஹரீஷ் மொட்டை அடித்து, நீர்க்குடம் தூக்கி, எல்லாவற்றையும் தவறாமல் செய்தான். எனக்கு அம்மாவைப் பார்க்கத் தோன்றவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து எல்லாரும் வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று பங்காளி வீட்டிலிருந்து காபி வந்தது. ஹரீஷ்தான் டம்ளர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். சென்னம்மா அத்தை மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, யாருக்கோ சொல்வதுபோல் எல்லாருக்கும் கேட்கச் சொன்னது.

"பெத்தவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டுக் குடிச்சா, அவ எப்படி நிப்பா? முனீஸ்வரன் சும்மா வுடுவாரா?"

அப்பா எழுந்தார். எந்த நாளுக்காக அம்மா அந்த உடம்போடு கோயில் வரை போனதோ, அந்த நாள் வந்துவிட்டது.

ஹரீஷின் தட்டில் காபி கொஞ்சம் சிந்தியது. அவன் தட்டைக் கீழே வைக்கவில்லை. அத்தை முன்னால் போய்க் குனிந்து நீட்டினான்.

"அந்தச் சத்தியத்தை அம்மா திருப்பி வாங்கிக்கிச்சு அத்தை. நான் கூடத்தான் இருந்தேன். அம்மாவுக்கு வந்தது கட்டி." தொண்டையைச் செருமிக்கொண்டான். "எடுத்துக்குங்க, ஆறிடும்."

அத்தை எடுத்துக்கொண்டது. வேறென்ன செய்யும்?

மிச்சமிருந்த டம்ளர்களையும் கொடுத்துவிட்டு அவன் நேராக என்னிடம் வந்தான்.

"அக்கா, எனக்கு இப்ப மாத்திரை ஞாபகமாவே இருக்குது. ரொம்ப. உன் போனைக் குடு."

கொடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் போய்ப் பேசுவான் என்று நினைத்தேன். அவன் பந்தல் கால் பக்கத்திலேயே, அத்தனை பேர் நடுவில் நின்று பேசினான்.

"மேடம், நான் ஹரீஷ். அம்மாவை எடுத்தாச்சுங்க. ஆமாங்க. இல்ல மேடம், இன்னும் போடல, போடணும் போல இருக்குது. அதான் சொல்லிடலாம்னு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தான். அப்பா நின்றுகொண்டே இருந்தார், ஒரு கை வேட்டி மடிப்பில் இருந்தது. நான் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"இல்லைங்க மேடம், தனியா இல்லைங்க" என்றான்.